பேஸ் இமேஜை நாமே கட்டினால் என்ன?

"அதான் டாக்கர் ஹப்பில் அஃபிஷியல் இமேஜ் இருக்கிறதே, நாமே பேஸ் இமேஜ் கட்டி எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?" கன்டெய்னர் பேச்சு எழும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கூடவே அடுக்கப்படும் காரணங்களில் ஒன்றுதான் தேறும்.

கஷ்டமாம், முதல் காரணம். டெபியன் மெஷினில் ரூட்டாக நுழைந்து டீபூட்ஸ்ட்ராப்பை 'மின்பேஸ்' வகையில் ஓட்டினால், அத்தியாவசியப் பேக்கேஜ்களும் ஏபிடியும் மட்டும் கொண்ட டைரக்டரி கிடைக்கும். அதை டார் ஆக்கி டாக்கர் இம்போர்ட்டுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. இதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது 'ஃப்ரம் ஸ்க்ராட்ச்' வழி. வெற்று இமேஜில் பைனரியை மட்டும் போட்டு ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று சொல்லும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும். இல்லாதது அது தேடும் டைனமிக் லோடர். ஸ்டாட்டிக்காக கம்பைல் செய்து அதைத் தாண்டினால், எதிர்முனையின் சர்டிஃபிகேட்டை நம்ப மாட்டேன் என்று ஹெச்டிடிபிஎஸ் அழைப்பு அடம்பிடிக்கும். சிஏ சர்டிஃபிகேட்டுகளை உள்ளே வைத்திருக்க மாட்டோம். தெரிந்துகொண்டால் ஒரு நாள் வேலை.

அஃபிஷியல் என்றால் பாதுகாப்பு என்பது அடுத்தது. ஆல்பைனின் அஃபிஷியல் இமேஜ் 3.3 பதிப்பிலிருந்து ரூட் பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. 2015 டிசம்பரில் புகுந்த பிழை, 2019 மே மாதம்தான் ஊரறிய வெளிவந்தது. ஷேடோ ஃபைலைப் பார்த்து லாகின் விடும் மென்பொருள் உள்ளே இருந்தால்தான் ஆபத்து என்பது உண்மை. ஆனாலும் மூன்று ஆண்டுக்கு மேல் அந்த வரி அப்படியே கிடந்தது. நாமே கட்டுவதால் டெபியன்காரர்களைவிடக் கெட்டிக்காரர்கள் ஆகிவிட மாட்டோம், பேக்கேஜ் அவர்களுடையதுதான். எதை உள்ளே விடுவது, எந்தத் தேதியில் மறுபடி கட்டுவது, இவை மட்டும் நம் கைக்கு வருகின்றன. ஓபன்எஸ்எஸ்எல்லுக்குக் காலையில் திருத்தம் வந்தால் மதியமே புது பேஸ் கட்டலாம். ஹப்பில் எப்போது ஏறும் என்று பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஹப் எங்கே போய்விடப் போகிறது என்பார்கள். 2020 நவம்பரில் லாகின் இல்லாத பயனருக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 புல் என்று டாக்கர் வரம்பு வைத்தது. கணக்கு ஐபி முகவரிக்கு. ஒரே ஐபியில் வெளியே போகும் ஆபீஸ் முழுக்க அந்த நூறுக்குள்தான். 2025-இல், பலர் நம்பியிருந்த பிட்நாமியின் இலவச இமேஜ்கள், இனி அப்டேட் வராத 'லெகசி' கிடங்குக்குப் போயின.

ஆல்பைன்தான் சின்னதாயிற்றே என்பவர்களுக்கு: அதில் இருக்கும் சி லைப்ரரி ஜிலிப்சி அல்ல, மசல். ஜிலிப்சிக்காகக் கட்டிய பைனரி அதில் பெரும்பாலும் ஓடாது. ஒரே பேஸைப் பத்து சர்வீஸ் பகிர்ந்தால் அந்த லேயர் மெஷினில் ஒருமுறைதான் இறங்கும். சில பத்து எம்பிக்காக இவ்வளவு தலைவலி வேண்டாம்.

தேறும் காரணம் கடைசியில் வருகிறது: யார் பராமரிப்பது? ஆர்வத்தில் ஒருவர் கட்டிவைத்து, அவர் வேறு கம்பெனிக்குப் போனபின் தூசி படிந்து கிடக்கும் இமேஜைவிட அஃபிஷியல் இமேஜ் எவ்வளவோ மேல். வாராவாரம் தானாகக் கட்டும் ஜாப், கட்டிய தேதியோடு டேக், பில்டு உடைந்தால் பார்க்க ஓர் ஆள் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இரண்டு சர்வீஸ் ஓட்டும் டீமுக்கு இது தேவையும் இல்லை. இருபது சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் தனி 'ஃப்ரம்' வரி, தனி ஏபிடி அப்கிரேடு என்று ஓடும் இடத்தில் பராமரிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, இருபது பேர் கையில், இருபது விதமாக.