பெர்மிட் ராஜ்!

"பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்!"

இந்த ஒரே சொற்றொடரால் டெல்லி சர்க்காரை வாட்டி எடுத்தார், ராஜாஜி.

அவர் பழைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீலாக இருந்தார். 1917-ல் அங்கே நகரசபைத் தலைவர் ஆனார். விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று 1916-ல் சேலத்திலேயே சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்!

அப்படிப்பட்டவர், சர்க்காரைக் கண்டிக்க மட்டும் ஏன் ஆங்கிலத்துக்குப் போனார்?

காரணம் உண்டு. அந்தச் சொற்கள் அப்போதே தெருவுக்கு வந்துவிட்டன. யுத்த காலத்தில் ரேஷன் வந்தது. நெல் மூட்டையை வெளியூருக்குக் கொண்டுபோக பெர்மிட். வியாபாரிக்கு லைசென்ஸ். நெசவாளியின் நூலுக்குக் கோட்டா. பள்ளிக்கூடம் போகாதவரும் "பெர்மிட்" என்றார். "அனுமதிச் சீட்டு" என்றால்தான் விழித்திருப்பார்!

"ராஜ்" என்பது வடநாட்டுச் சொல். ஆட்சி என்று பொருள். வெள்ளைக்காரன் ராஜ் 1947-ல் போனது. பெர்மிட் ராஜ் வந்து உட்கார்ந்தது என்று குத்திக் காட்டினார்.

கட்டுப்பாடு வீணுக்கு வரவில்லை. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பதுக்கலைத் தடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நடந்தது என்ன? செல்வாக்கு உள்ளவர் கையில் பெர்மிட். ஏழை கியூவில்!

1952-ல் முதல்-மந்திரி ஆனதும், உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி எடுத்தார். 1959-ல் சுதந்திராக் கட்சி கண்டார். அதற்கு இந்தச் சொற்றொடரே ஆயுதம். 1972-ல் அவர் மறைந்தார். பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை நீங்கியதோ 1991-ல்தான்.

நாமக்கல் லாரிக்காரர் வாயில் "நேஷனல் பெர்மிட்" இன்றும் இருக்கிறது. அது வசைச் சொல் அல்ல. வண்டி ஓட வேண்டிய காகிதம்.

இப்போது வேறு ஆங்கிலம் வந்திருக்கிறது. பட்டா மாற்ற மனுப் போட்ட கிழவி, ஆறு மாதம் கழித்துக் கேட்கிறாள். "பிராசஸில் இருக்கும்மா" என்று பதில் வருகிறது. அவளும் தலையாட்டிவிட்டுத் திரும்புகிறாள்!

ராஜாஜியின் ஆங்கிலம் குறையை அம்பலப்படுத்தியது. இந்த ஆங்கிலம் குறையை மூடுகிறது. மனு எந்த மேஜையில் கிடக்கிறது? யார் கையெழுத்துப் போடவில்லை? இதைத்தான் கேட்க வேண்டும்.

கேட்க வழியும் இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தரவேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது அந்த அலுவலகத்துத் தகவல் அதிகாரியின் கடமை.