சிஏ 125 அதிகமா? ஒரு எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம்!

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் செல்போனுக்கு வருகிறது. 'சிஏ 125' என்ற வரியில் 48. பக்கத்திலேயே 'இயல்பு அளவு: 35-க்குள்' என்றிருக்கிறது. கூகுளில் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'சினைப்பைப் புற்றுநோய்'. பிறகு அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

சிஏ 125 என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம். 1981-ல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்ட் குழுவினரின் ஆய்வில் தெரியவந்தது. சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் பலருக்கு இது அதிகரிக்கும். ஆனால், மாதவிடாய் நாள்கள், கர்ப்பகாலம், ஃபைப்ராய்டு கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் பாதிப்பு, வயிற்றுக் காசநோய் என வேறு காரணங்களாலும் ஏறும். எனவே, 48 என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

நார்மல் என்றால் நிம்மதியா?

அதுவும் இல்லை. ஆரம்பநிலை சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த அளவு இயல்பாகவே இருக்கும். மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. ஆண்டுதோறும் இந்த டெஸ்ட் எடுத்த பிறகும், இந்த நோயால் ஏற்படும் இறப்புகள் குறையவில்லை. அதனால்தான் எந்த அறிகுறியும் இல்லாத பெண்களுக்கு இதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

எப்போது உதவும்?

சிகிச்சையின்போது. கீமோதெரபிக்கு முன் 600 இருந்தது, பிறகு 200, அப்புறம் 40 என இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இங்கே ஒற்றை எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். லேப் மாறினால் அளவும் மாறலாம் என்பதால், முடிந்தவரை ஒரே லேபில் எடுப்பது நல்லது.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் எண் மட்டும் ஏறினால்? உடனே கீமோ தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை என்கிறது 2010-ல் வெளியான ஓர் ஆய்வு. எனவே, 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று டாக்டர் சொன்னால் அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்

தொடர்ந்து வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் அவசரம்... இவை இரண்டு, மூன்று வாரங்களாக அடிக்கடி வந்தால், 'கேஸ் பிரச்னைதான்' என்று ஓமத்தண்ணீரோடு நிறுத்திவிடாதீர்கள். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையுடன் ஸ்கேனும் தேவையா என்று அவர் முடிவு செய்வார். அம்மா, சகோதரி, அத்தை, சித்தி யாருக்காவது சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.