தராசு யார் கையில்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தராசின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அட்டைக்கடி பொறுத்து, மழையில் நனைந்து பறித்த கொழுந்தைத் தாய்மார் நிறுவைக்குக் கொண்டு வரும்போது, அவர்களுடைய கண்கள் கொழுந்தின்மீது இருப்பதில்லை. தராசின் முள்மீதே இருக்கும். தராசைப் பிடிப்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்னும் கேள்வியும் அந்த முள்ளோடு சேர்ந்தே ஆடிக்கொண்டிருக்கும். திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கு உவமை தேடியபோது அவருக்கும் துலாக்கோலே கிடைத்தது. கொழுந்துக்கு மட்டுமன்று, நாம் காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

இதனை எனக்கு நினைவூட்டியவர் தெரணியகலையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். என்னிடம் உயர்தரம் பயின்றவர். கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் படம் பிடித்துப் பிழைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதியாகக் கைக்கு வந்த பணத்தில் பெரும் பகுதியை மகனின் கமராவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

"ஐயா, எந்தக் கமரா நல்லது?" என்று கேட்டுக்கொண்டே அந்த இளைஞர் என் மேசைமீது இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று கடைக்காரர் கொடுத்த விளம்பரத் தாள். மற்றது இணையத்திலிருந்து அச்சிட்டெடுத்த ஒரு விமரிசனம். இரண்டும் ஒரே கமராவைப் புகழ்ந்தன.

"இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள்? வாங்கிவிடலாமா, ஐயா?"

"தம்பி, கடைக்காரர் யாரென்று உனக்குத் தெரியும். இரண்டாவது தாளை எழுதியவர் யார்? அவருக்குச் சோறு போடுபவர் யார்?" என்று கேட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நம்மில் பலருக்கும் தெரியாது. ஆதலால், கமரா விமரிசனம் என்பது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை இவ்வாரம் சற்று விரித்துப் பார்ப்போம்.

உலகில் இத்துறையில் பெரும் பெயர் பெற்றது 'டிஜிட்டல் போட்டோகிராபி ரிவியூ' என்னும் தளம். பில் ஆஸ்கி என்பவர் 1998 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். பிலிம் சுருளுக்குப் பதிலாக மின்னணுவால் படம் பிடிக்கும் கமராக்கள் அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. நிறுவனங்கள் சொன்னதை நம்புவதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியதே அத்தளத்தின் வெற்றி.

அதன் முறை எளியது, ஆயினும் கண்டிப்பானது. அறைக்குள் ஒரு காட்சியை அமைப்பார்கள்: வண்ண அட்டைகள், நூல்கள், பறவை இறகுகள், பொடி எழுத்துகள். ஒளியும் காட்சியும் மாறுவதில்லை; கமரா மட்டுமே மாறும். இவ்வாறு எடுத்த படங்களை அருகருகே வைத்து எவரும் ஒப்பிடலாம். இருளில் படம் எவ்வளவு கரகரப்பாகின்றது, ஓடும் குழந்தையின் முகத்தைக் கமரா எவ்வளவு விரைவாகக் கூர்மைப்படுத்துகின்றது, மின்கலம் எத்தனை படங்களுக்குத் தாங்குகின்றது என்பனவற்றையும் சோதிப்பார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, அவர்கள் தீர்ப்பை மட்டும் எழுதிவிட்டுப் போவதில்லை. தாம் எடுத்த படங்களையும் வாசகரின் பார்வைக்கு வைக்கின்றார்கள். தீர்ப்போடு சாட்சியத்தையும் சேர்த்துத் தருபவரையே நாம் ஓரளவு நம்பலாம்.

இனி, சோறு போடுபவர் யார் என்னும் கேள்விக்கு வருவோம். விமரிசகர்களுக்கு வருவாய் வரும் வழிகள் பல. விளம்பரம் ஒன்று. விமரிசனத்தைப் படித்தவர் அங்கிருந்தே கடைக்குச் சென்று பொருளை வாங்கினால் கிடைக்கும் தரகு மற்றொன்று. சோதனைக்குரிய கமராக்களும் பெரும்பாலும் நிறுவனங்களிடமிருந்து இரவலாகவே வருகின்றன. இவற்றால் ஒருவர் பொய்யர் ஆகிவிடுவார் என்பதில்லை. ஆயினும் இரவல் தந்தவர் முகம் சுளிப்பாரே, அடுத்த கமராவைத் தாமதித்துத் தருவாரே என்னும் அச்சம் பேனாவின் முனையில் வந்து உட்காரக்கூடும். இதனாலேதான் அமெரிக்காவில் 1936 இல் தொடங்கிய 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் நுகர்வோர் ஏடு, விளம்பரம் எதனையும் ஏற்பதில்லை என்றும், சோதிக்கும் பொருளைப் பொதுமக்களைப் போலவே கடையில் விலை கொடுத்து வாங்குவது என்றும் விரதம் பூண்டது. ஆனால் அதற்குரிய செலவை வாசகர்களே சந்தா செலுத்தியும் நன்கொடை அளித்தும் தாங்க வேண்டும். நடுநிலைக்கும் ஒரு விலை உண்டு. அதனைக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

விரதம் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2006 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் புகழ் பெற்ற லைக்கா நிறுவனம் எம் 8 என்னும் விலையுயர்ந்த கமராவை வெளியிட்டது. வாங்கியவர்கள் படம் பிடித்துப் பார்த்தபோது, செயற்கை இழையாலான கறுப்புத் துணிகள் ஊதா நிறமாக விழுந்தன. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை அக்கமரா போதிய அளவு தடுக்காமையே காரணம். மணமகனின் கறுப்புக் கோட்டு ஊதாவாக விழுந்தால் படப்பிடிப்பாளரின் கதி என்ன! வாங்கியவர்கள் கேள்விமேல் கேள்வி எழுப்பினார்கள். நிறுவனம் இறுதியில் குறையை ஏற்று, வாங்கியவர்களுக்கு இரண்டு வடிகண்ணாடிகளை இலவசமாக வழங்கியது. இதில் மனத்தைத் தைப்பது வேறொன்று. பெயர் பெற்ற விமரிசகர் ஒருவர் இக்குறையை முன்னரே கண்டிருந்தும், நிறுவனத்தார் பொறுத்திருக்கக் கேட்டுக்கொண்டமையால் தம் கட்டுரையில் அதனை எழுதாது விட்டிருந்தார். பின்னர் அதனைத் தாமே வாசகர்களிடம் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது பெருமைதான். ஆனால் இடையில் பணம் கட்டியவர்களுக்கு அப்பெருமையால் என்ன பயன்?

எனவே, வாசகரின் கேள்விதான் விமரிசகரைத் தூங்கவிடாத காவற்காரன். அக்கேள்வியை அவர் எவ்வாறு ஏற்கின்றார் என்பதில் அவருடைய தரம் வெளிப்பட்டுவிடும். நல்ல விமரிசகர், பலரும் கேட்பதற்குப் பொதுவாக ஒரு முறை தெளிவாக விடை எழுதி வைப்பார். சோதித்துச் சொல்ல வேண்டியதைச் சோதித்த பின்னரே சொல்வார். தாம் கையாளாத கமராவைப் பற்றிக் கேட்டால், "கையாளவில்லை" என்பார். எழுதியது பிழையென்று காட்டினால் திருத்துவார். "எது நல்லது?" என்று கேட்டாலோ, உடனே ஒரு பெயரைச் சொல்லமாட்டார், "எதற்கு?" என்று திருப்பிக் கேட்பார். நாடி பிடித்துப் பாராமல் மருந்து கொடுப்பவர் வைத்தியர் அல்லர் அன்றோ?

நானும் அந்த இளைஞரிடம் அவ்வாறே கேட்டேன். "எங்கே படம் பிடிப்பாய்?" "பெரும்பாலும் லயன் காம்பராக்களிலும் கோயிலிலும், மாலைக்குப் பிறகு." "அல்பம் எவ்வளவு பெரியது?" "12 அங்குல நீளம், 8 அங்குல அகலம்." "கமராவை எங்கே வைப்பாய்?" "வீட்டு அலுமாரியில்."

இம்மூன்று விடைகளும் அந்த விளம்பரத் தாளைப் பாதியாகக் கிழித்துவிட்டன. தாளில் பெரிய எழுத்தில் இருந்தது, படத்தில் எத்தனை கோடிப் புள்ளிகள் என்பது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற உயர்ந்த அளவில் அச்சிட்டாலும், அவருடைய அல்பத்துக்கு 3600 ஐ 2400 ஆல் பெருக்கினால் வரும் 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகளே போதும். பல ஆண்டுகளுக்கு முன் வந்த கமராக்களிலும் இது உண்டு. அவருக்கு வேண்டியது புள்ளியன்று, ஒளி. கமராவோடு கொடுக்கும் சாதாரண வில்லையின் துவார எண், உருவைப் பெரிதாக்கும்போது 5.6 ஆகிவிடும். துவார எண் 1.8 உள்ள 50 மில்லிமீற்றர் வில்லையோ அதனைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். விலையும் ஏறக்குறைய எல்லா வில்லைகளினும் குறைவு. மங்கலான காம்பராவில் மணமகளின் முகத்தைக் காப்பாற்றப்போவது இதுவே.

மூன்றாவது விடைதான் என்னை அச்சுறுத்தியது. தெரணியகலை மழையை எந்த வெளிநாட்டு விமரிசகர் சோதித்தார்? ஈரக் காற்றில் பூட்டிய அலுமாரிக்குள் வில்லையின்மீது பூஞ்சணம் படரும். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் அது மீளாது. காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்து, மணிகளை அவ்வப்போது மாற்ற வேண்டும். பழைய வில்லையை வாங்குவதாயின், அதனூடே டோர்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலைபோன்ற இழை தென்பட்டால் வாங்காதீர்கள். விமரிசகர் தம் ஊரில் நின்று எழுதுகிறார். மிச்சத்தை நம் ஊரில் நின்று நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தத் தளத்துக்குப் பின்னர் நேர்ந்ததையும் மாணவர்கள் அறிய வேண்டும். 2007 இல் அதனை அமேசன் நிறுவனம் வாங்கியது. உலகின் பெருங்கடை ஒன்றே நடுவருக்கு முதலாளியாயிற்று. ஆயினும் சாட்சியத்தை வெளியில் வைக்கும் வழக்கம் தொடர்ந்தமையால் வாசகர் நம்பிக்கை குலையவில்லை. பிறகு கைப்பேசி வந்தது. 2010 இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள், 2023 இல் 80 இலட்சத்துக்கும் கீழே இறங்கின. அவ்வாண்டு மார்ச் மாதம், தளம் ஏப்ரலில் மூடப்படும் என்று அறிவித்தார்கள். கால் நூற்றாண்டுச் சோதனைகள் அழிந்துவிடுமோ என்று அஞ்சித் தன்னார்வலர்கள் அவற்றைப் படியெடுக்க முனைந்தார்கள். ஜூனில் கியர் பட்ரோல் என்னும் நிறுவனம் அதனை வாங்கியமையால் அது பிழைத்தது. நல்ல தராசும் பிறர் கையில் இருந்தால், ஒரு நாள் அவர் அதனைப் பரணில் தூக்கிப் போட்டுவிடலாம். வாசகர் ஆதரவு இன்றேல் நடுநிலையும் நெடுநாள் நிற்காது.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தெரிந்தவர் ஒருவரின் பழைய கமராவை இரவல் வாங்கி, தம் தாயாரை வீட்டு விளக்கொளியில் தாமே படம் பிடித்துப் பார்த்தார். அதன்பின், ஐந்தாண்டுகளுக்கு முன் வெளிவந்து பலராலும் சோதிக்கப்பட்ட கமரா ஒன்றையும், அந்த 50 மில்லிமீற்றர் வில்லையையும் வாங்கினார். ஒதுக்கிய பணத்தில் பாதிக்குச் சற்று மேல் செலவாயிற்று. மிச்சம் தாயாரின் வங்கிப் புத்தகத்துக்கே திரும்பியது.

மாணவச் செல்வங்களே, கமராவோ, கைப்பேசியோ, படிக்கப் போகும் பாடநெறியோ, எதுவாயினும் ஒருவர் புகழ்ந்து சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவருக்குச் சம்பளம் தருபவர் யார்? இவர் காட்டும் சாட்சியம் எது? என் தேவையை இவர் கேட்டாரா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை, அம்மாவின் சேமிப்புப் புத்தகம் அலுமாரியிலேயே இருக்கட்டும்.