பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்



இராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. தொப்பியணிந்த முஸ்லிம் சிறுவரும் பூணூலணிந்த குருக்கள் மகனும் முன்வரிசையில் அருகருகே அமர்ந்திருந்தனர். அதனைப் பொறாத புதிய ஆசிரியர், முஸ்லிம் சிறுவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அன்று அழுத நண்பர் இராமநாத சாஸ்திரியின் முகம் தம் உள்ளத்தில் நிலைத்துவிட்டதை, 1999-இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவர் பதிந்துள்ளார்.

நண்பரின் தந்தை இலட்சுமண சாஸ்திரி ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். இவ்வாறு பரிந்து பேச ஒரு பெரியவர் வாய்க்காத குழந்தை என் செய்யும்? இழிவைத் தன் குற்றமென்றே எண்ணிக் குமையும். உறக்கம் கெடும், பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிறு வலிக்கும், பேச்சுக் குறையும், அல்லது சினம் மிகும். நாங்குநேரியில் சாதி இழிவு தாளாத மாணவனொருவன் பள்ளிக்கே செல்லாதிருந்தான். அதை வெளியே சொன்னமைக்காக 2023-இல் அவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்டனர். வெட்டியவர்களுள் அதே பள்ளி மாணவர்களும் இருந்தனர்!

தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழித்தபோது, அஃது அறியாமைக் காலத்துக் குணமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்தார்கள். திருமறையின் 49-ஆம் அத்தியாயம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் விலக்குகிறது. ஆயினும், செல்வர் மகனை முன்னும் ஏழை மகனைப் பின்னும் அமர்த்தும் வழக்கம், உத்திரமேரூர் வட்டாரத்தில் ஓதிக்கொடுக்கும் எம்போன்றோரிடம் அறவே இல்லையா? நமக்கு இழைக்கப்படின் அநீதி. நாம் இழைப்பின் வழக்கமா?

இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகழைத்து, மனம் நோகப் பேசியவர் உண்டா எனக் கேளுங்கள். பிறர் பிள்ளையை அது நோகச் செய்ததா என்றும் கேளுங்கள். பிஞ்சு உள்ளங்களைக் காக்க இறைவன் அருள்வானாக! ஆமீன்.