"ஒரு கிலோதானே மகள்!"

அக்குறணையிலோ மடவளையிலோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தையோடு தனியாகக் கணவரிடம் சவூதிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டால் போதும், பார்சலோடு போய் நிற்கிறோம். "ஒரு கிலோதானே மகள்!" தொதல், மாசி, கருவாடு. இப்படி ஏழெட்டு ஒரு கிலோ சேர்ந்ததும் பெட்டியிலிருந்து வெளியே வருவது குழந்தையின் உடுப்பும் பால்மாவும்தான்.

கடுகண்ணாவை வளைவுகளில் வாந்தியெடுத்து, கட்டுநாயக்க போய்ச் சேரவே மூன்று நான்கு மணித்தியாலம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அநேகமாக மடிதான் ஆசனம். விமானம் இறங்கும்போது காதடைத்துக் கதறும். பால் கொடுத்தால் அடங்கும். பால் போத்தல் எங்கே? கைப்பையில், எமது மாசிக்கு அடியில்!

அதைவிடப் பயங்கரம், உள்ளே இருப்பதைச் சொல்லாமல் கொடுப்பது. கறிக்கு அரைக்கும் கசகசா (சர்பத்தில் போடுவது வேறு) சவூதியிலும் எமிரேட்ஸிலும் தடை. ட்ரமடோல் போன்ற வலி மாத்திரைகளுக்குக் கடும் கட்டுப்பாடு. அகப்பட்டால் விசாரணை, அனுப்பிய மாமிக்கல்ல. இடுப்பில் பிள்ளையோடு நிற்பவளுக்கு.

மறுத்தால் "பெருமைக்காரி" என்ற பட்டம் வேறு.

தபால் இருக்கிறது, கூரியர் இருக்கிறது. காசு கட்டி அனுப்புவோம். அவளுக்கு உதவத்தான் ஆசையென்றால், கட்டுநாயக்க வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவோம்.