திருவாரூர் தந்த பேரறிஞரும் தமிழர் கடமையும்

காவேரி பாயும் பழைய தஞ்சை ஜில்லா நெல்லுக்கும் சங்கீதத்திற்கும் பெயர் பெற்றதென்பதை யாவரும் அறிவர். கலை நமக்கு இன்பம் தருவது ஏன் என்ற தத்துவ விசாரணைக்கும் அம்மண் ஒரு பேரறிஞரைத் தந்ததென்பதை எத்தனை பேர் அறிவர்?

1908ல் திருவாரூரில் பிறந்த டாக்டர் வெ. ராகவனையே குறிப்பிடுகிறோம். சென்னை ராஜதானிக் கல்லூரியில் மஹாமஹோபாத்தியாய குப்புஸ்வாமி சாஸ்திரியாரிடம் பாடங் கேட்ட அவர், சென்னை ஸர்வகலாசாலையில் ஆராய்ச்சியாளராகப் புகுந்து ஸம்ஸ்கிருதத் துறையின் தலைமைப் பேராசிரியராக உயர்ந்தார். தஞ்சையில் பெரிய கோயில் எழுந்த 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாராவை ஆண்ட போஜராஜன், 36 பிரகாசங்களில் ‘சிருங்கார பிரகாசம்’ இயற்றினான். ரஸங்கள் அனைத்தும் ‘நான்’ என்னும் அபிமானம் ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்பது அவன் கொள்கை. அப்பெருநூலைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஆராய்ந்து உலகறியச் செய்தவர் ராகவன். அவ்வாராய்ச்சிக்கு 1966ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. ரஸங்கள் எட்டா, ஒன்பதா என்ற பழைய வழக்கின் வரலாற்றை 1940லேயே தனி நூலாக எழுதினார். 1979ல் காலமானார்.

ஆயினும் இவ்விரு நூல்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. நமது கல்விச்சாலைகளிலோ, அழகியல் என்றால் கிரேக்கரிடமிருந்து தொடங்குவது தத்துவத் துறையின் வழக்கம். ரஸம் ஸம்ஸ்கிருதத் துறையில். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகள் தமிழ்த் துறையில். ஒரே வீட்டில் மூன்று சுவர்களை எழுப்பிவிட்டு, நமக்கென்று கலைத் தத்துவம் இல்லையே என்று ஏங்குவது பேதைமையல்லவா?

வயிற்றுக்குச் சோறு தேடுகிறவனுக்கு இந்த விசாரணை எதற்கு என்று சிலர் கேட்கலாம். திருவிழாவில் விடியுமட்டும் நின்று நாகஸ்வரம் கேட்டுத் தலையசைத்தவர்கள் யார்? பகலெல்லாம் சேற்றில் உழுதவர்களே. அனுபவம் அவர்களிடம் உண்டு. அதை விளக்கும் சாஸ்திரம் மட்டும் அவர்களுக்கு விளங்காத பாஷையில் பூட்டிக் கிடக்கிறது. இது அநீதி.

தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அருகிலேயே சரஸ்வதி மஹால் சுவடிகள் இருக்கின்றன. மெய்ப்பாட்டையும் ரஸத்தையும் மேனாட்டார் கொள்கையையும் ஒருங்கே கற்பிக்க அங்கே ஒரு பீடம் அமையவேண்டும். ராகவனின் ஆராய்ச்சியை எளிய தமிழில், ஏழை மாணவனும் வாங்கக்கூடிய விலையில் கொடுப்பது அதன் முதல் வேலையாக இருக்கட்டும். அறிஞர் பெயரால் விழா எடுப்பது எளிது. அவர் அறிவை ஊராருக்குப் பங்கிடுவதே உண்மையான மரியாதை. தஞ்சைவாசிகள் இதைக் கேட்டுப் பெறுவார்களென நம்புகிறோம்.