ஏலத்தோட்டத்துக்கு எந்தக் கேமரா?

போடிநாயக்கனூரிலும் அதைச் சுற்றிய மலைச்சரிவுகளிலும் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களின் வீடுகளில், மருந்தடிக்கும் பம்பு, மோட்டார், ஜீப்பு ஆகியவற்றோடு இப்போது கேமராவும் வாங்கவேண்டிய சாமான்களில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றலாம். தோட்டத்துக்காரருக்கு அப்படியல்ல. ஒரு தூரில் இளம் இலை வெளிறிக் கோடு கோடாக இருக்கிறது. அது கட்டே நோயா, சத்துக் குறையா என்று தெரியவேண்டும். கட்டே என்றால் அந்தத் தூரை வேரோடு பிடுங்கி அழிக்கவேண்டும். விட்டுவைத்தால் அசுவினி மூலம் பக்கத்துத் தூர்களுக்கும் பரவும். சத்துக் குறை என்றால் பிடுங்குவது வீண் நஷ்டம். இலையைக் கிள்ளி மடித்துக்கொண்டு மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்துக்கோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ போய்ச் சேர்வதற்குள் அது சருகாகிவிடும். நல்ல படம் ஒன்று எடுத்து அனுப்பினால், அந்த இலை அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிபுணர் பார்க்கிறார்.

சேதத்துக்கும் படம் வேண்டும். 2018 ஆகஸ்டு வெள்ளத்திலும், 2024 கோடை வறட்சியிலும் இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். மண் சரிந்த இடத்தையும் காய்ந்த தூரையும் அன்றைக்கே படம் எடுத்து வைத்தவர் மனு கொடுக்கும்போது கையில் சாட்சியோடு நிற்கிறார். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற தனிப்பட்ட இடச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. மழை விட்ட பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்க அது இடம் கொடுப்பதில்லை.

ஆகவே, கேமரா வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கேமரா என்பதில்தான் வீட்டுக்கு வீடு தகராறு. படித்த மகன், கல்யாணப் போட்டோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் பெரிய மிரர்லெஸ் கேமரா வேண்டும் என்கிறான். தகப்பனார், மழையில் நனைந்தாலும் கெடாத சிறிய வாட்டர்புரூப் கேமரா போதும் என்கிறார். தோட்ட வேலைக்கு என்றால் தகப்பனார் பக்கம்தான் நான். ஆனால் மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லிவிட்டே மேலே போகவேண்டும்.

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாதது என்று பொருள். பழைய பெரிய கேமராக்களில் லென்ஸ் வழியே வரும் காட்சியை ஒரு சாய்வுக் கண்ணாடி திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சிறிய திரையில் காட்சியைக் காட்டும் முறை 2008-ல் பானாசோனிக் கம்பெனியின் ஜி1 கேமராவிலிருந்து பெருகத் தொடங்கியது. லென்ஸைக் கழற்றி மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளியை வாங்கும் சென்சார் தகடு பெரியது. தொழில்முறைக் கேமராவில் அது 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அளவு, சிறிய வாட்டர்புரூப் கேமராவில் சுமார் 6 மி.மீ.க்கு 4½ மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம். மழைக்கு அண்டாவை வைப்பதற்கும் டம்ளரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஏலத்தோட்டத்தில் நிழல் அடர்த்தி. மேகம் இறங்கிவிட்டால் பகல் 3 மணிக்கே அந்தி மாதிரி ஆகிவிடும். அந்த மங்கிய வெளிச்சத்தில் சிறிய கேமரா எடுத்த படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து தெரியும். பெரியது தெளிவாக எடுக்கும். மகனுடைய கட்சியில் உள்ள பலம் இதுதான்.

இனி விலைக்கு வருவோம். தொழில்முறை மிரர்லெஸ்ஸில் உடல் மட்டுமே மூன்று லட்ச ரூபாய் அளவில் நிற்கிறது. லென்ஸுக்குத் தனிக் காசு. ஏலக்காய்க்காரர் இதை ரூபாயில் பார்க்கக்கூடாது, கிலோவில் பார்க்கவேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. அந்த விலைக்கு மூன்று லட்சம் என்பது 43 கிலோ காய். 2022-ல் அதே காய் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. அப்போது அது 300 கிலோவுக்கு மேல். பச்சைக்காயாகச் சொன்னால் ஆயிரத்து ஐந்நூறு கிலோ. நல்ல விலை வந்த வருஷத்தில் வாங்கிய சாமான்களுக்கு அடுத்த விலை வீழ்ச்சியில் வட்டி கட்டிய குடும்பங்கள் போடியில் எத்தனையோ. வாட்டர்புரூப் வகையில் பலரும் பேசும் ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.-7 என்பது 2023-ல் அமெரிக்காவில் 550 டாலருக்கு வந்தது. அப்போதைய கணக்கில் சுமார் 45,000 ரூபாய். இதுவும் சின்னத் தொகை அல்லதான். ஒரு லட்சத்துக்குள் கிடைக்கும் மிரர்லெஸ் கேமராக்களும் உண்டு. ஆனால் அந்த விலையில் உள்ள பெரும்பாலானவற்றுக்கு மழைக் காப்பு கிடையாது.

மழைதான் இந்த விவகாரத்தின் அடிப்படை. அழுகல் நோய் வெயில் காலத்திலா வருகிறது? ஆனி, ஆடியில் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் விடாமல் தூறும்போதுதான் காயில் நீர் கோத்தாற்போல் திட்டு விழுந்து, நிறம் மாறி, நாற்றமெடுத்து உதிர்கிறது. படம் வேண்டிய நாளெல்லாம் மழை நாள். அட்டையை உதறவே இரண்டு கையும் போதாத நாள். பெரிய கேமராவும் நல்ல லென்ஸுமாகச் சேர்ந்தால் ஒன்றே முக்கால் கிலோ வரை கனக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வழுக்கும் சரிவில் இறங்குபவர் செடியைப் பார்ப்பாரா, கேமராவைக் காப்பாற்றுவாரா? சிறியது கால் கிலோ. சட்டைப் பையில் கிடக்கும். டி.ஜி.-7 போன்றவை 15 மீட்டர் ஆழத் தண்ணீரையும், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும் தாங்கும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். தண்ணீருக்குள் கொண்டுபோகும் கேமரா ஒன்றும் புதுச் சங்கதியல்ல; நிக்கான் கம்பெனி 1963-லேயே நிக்கோனாஸ் என்று விற்றது. நமக்கு முங்கு நீச்சல் வேண்டாம். போர்டோ கலவை தெறித்தால் குழாயடியில் காட்டிக் கழுவ முடிகிறதே, அது ஒன்றே போதும்.

மிரர்லெஸ் வகையிலும் மழைக் காப்பு உள்ளவை உண்டு என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் தூறலைத் தாங்குவது வேறு, தண்ணீரில் நனைந்து கிடப்பது வேறு. 2022-ல் வந்த ஓ.எம்-1 என்ற நல்ல கேமராவுக்கு ஐ.பி.53 என்று தரம் போட்டிருக்கிறார்கள். இதில் கடைசி எண் தண்ணீரைக் குறிக்கும். 3 என்றால் மேலிருந்தும் சாய்வாகவும் தெறிக்கும் நீர் வரைதான். முக்கி எடுக்கும் கேமராவுக்கு அந்த எண் 8. மேலும், உடலுக்குக் காப்பு இருந்தும் லென்ஸுக்கு இல்லாவிட்டால், கூரை வேய்ந்துவிட்டுச் சுவரை விட்ட கதைதான்.

கிட்டத்துப் படத்திலும் சிறியதற்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. சென்சார் சிறிதாக இருப்பதால், காயின் முன் பக்கமும் பின் பக்கமும் ஓரளவு ஒன்றாகத் தெளிவாக விழும். பெரிய கேமராவில் காயின் மூக்கு தெளிந்தால் காம்பு மங்கும். அதற்கென்று தனியாக மேக்ரோ லென்ஸும், ஆடாத கையும், பழக்கமும் வேண்டும். டி.ஜி. வகைகள் லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்கூடப் படம் எடுக்கும். அவ்வளவு கிட்டே போனால் கேமராவின் நிழலே காயின் மேல் விழும் என்பதால், பக்கத்திலிருந்து டார்ச் அடிக்க ஒருவர் வேண்டும். இலைப்பேன் சொறி பிடித்த காய், துளைப்பான் தட்டையில் போட்ட ஓட்டை, அதில் தள்ளியிருக்கும் எச்சம் எல்லாம் இதில் நன்றாக வரும். ஆனால் பேனே 1 மி.மீ.க்குச் சற்று அதிகம்தான். அதைத் தேடுவதற்கு இரண்டு கேமராவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை முதலில் வாங்கிவிட்டுக் கேமராவைப் பற்றி யோசிப்பதே முறை என்பது என் அபிப்பிராயம்.

தோட்டத்தை விட்டு வீட்டுக்குள் வந்தாலும் ஆபத்து தீரவில்லை. மலையில் பீரோவுக்குள் வைத்த துணியே பூசணம் பூக்கிறது. லென்ஸ் கண்ணாடியிலும் பூஞ்சை நூல் நூலாக ஓடும். நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பெரிய கேமராவை வாங்குகிறவர், காற்றுப் புகாத டப்பாவும் அதற்குள் சிலிக்கா ஜெல்லும் சேர்த்து வாங்கவேண்டும். ஜெல் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சூடு காட்டி உலர்த்த வேண்டும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் சட்டியை அதற்கு எடுக்கவே கூடாது. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் எந்தக் கேமராவையும் வைத்துவிட்டு வரவேண்டாம். பெரும்பாலான கேமராக்களுக்கு 40 டிகிரி வரைதான் அனுமதி. ஸ்டோரில் 50 டிகிரி ஓடுகிறது. குளிர்ந்த வெளியிலிருந்து நேராக உள்ளே கொண்டுபோனாலோ, பச்சைக்காயின் ஆவி லென்ஸில் படிந்து துளிர்க்கும்.

வாட்டர்புரூப் என்றதும் அதை இரும்பு என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீரைத் தடுப்பது பாட்டரி மூடியைச் சுற்றி ஓடும் ஒரு மெல்லிய ரப்பர் வாஷர். அதன்மேல் ஒரு மயிரோ மண் துகளோ இருந்தால் அந்த வழியே தண்ணீர் இறங்கிவிடும். ஆகவே தோட்டத்தில் நின்றுகொண்டு ஈரக் கையோடு மூடியைத் திறக்கக் கூடாது. பாட்டரி, கார்டு மாற்றுவதெல்லாம் வீட்டில் உலர்ந்த இடத்தில்தான். வாஷர் நாளாக நாளாக இறுகிப்போகும். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. உள்ளே தண்ணீர் போனதற்குப் பல கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேமரா என்றால் இந்தியாவில் வாரண்டி செல்லுமா, எந்த ஊரில் ரிப்பேர் செய்வார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும்.

கையில் செல்போன் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்காரருக்குப் பெரும்பாலும் போதும். மழையில் திரை நனைந்தால் விரல் வைத்த இடம் ஒன்று, அது வேலை செய்யும் இடம் ஒன்று என்று ஆகும். அது ஒரு தொல்லை. பாங்குக் கணக்கும் கூலிப் பட்டியலும் அதே போனில் இருப்பதால் ஓடையில் விழுந்தால் நஷ்டம் கேமராவோடு போகாது; அது இரண்டாவது. இந்த இரண்டையும் பொருட்படுத்தாதவர் கேமராவுக்குச் செலவழிக்கவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாட்டர்புரூப் கேமராவைப் பொதுவில் வைத்துக்கொள்வது இன்னும் சிலாக்கியம். பம்பை மாறி மாறி எடுத்துப்போகும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உள்ளதுதானே.

மகன் போடியில் கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிக்கிறான், அல்லது குரங்கணிப் பக்கம் வருகிற சுற்றுலாக்காரர்களை நம்பி விடுதி நடத்துகிறான் என்றால் கணக்கு வேறு. அப்போது மிரர்லெஸ் அவனுக்குத் தொழில் கருவி. அதன் கடனை அந்த வருமானத்திலேயே கட்டட்டும். தோட்டத்துக் கணக்கில் எழுதவேண்டாம். தூரத்து லென்ஸ் கையில் வந்ததும் யானையைப் படம் எடுக்கும் ஆசையும் கூடவே வந்துவிடும். சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றதை நாம் பார்த்தோம். யானைச் சேதத்துக்குச் சாட்சியாக யானையின் முகம் வேண்டியதில்லை. விடிந்த பின் மிதிபட்ட தூரையும் கால் தடத்தையும், அளவுக்கு ஒரு குச்சியைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் போதும்.

எந்தக் கேமரா ஆனாலும் எடுக்கும் முறை ஒன்றுதான். முதலில் தூர் முழுவதும், பிறகு நோய் கண்ட தட்டை அல்லது சரம், கடைசியில் கிட்டத்தில் இலையோ காயோ என்று மூன்று படம். நிழல் மரத்துக்கு அடியில் எல்லாமே பச்சை பூசினாற்போல் விழும் என்பதால், காயின் நிறம் சரியாகத் தெரியவேண்டுமானால் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைக்கவேண்டும். கேமராவில் தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். தேதி தவறிய சேதப் படத்தை எந்த ஆபீசிலும் மதிக்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த நாளும் இடமும் பதிந்திருந்தால் அவையும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். காப்பீட்டுப் பணம் கைக்கு வரும்வரை மூலப் படத்தைக் கார்டிலிருந்து அழிக்கவேண்டாம்.